ஏசியை அமத்தச் சொன்ன பொன்மணி

ஆம்புலன்ஸ் நர்ஸ் பொன்மணி, பட்டாசு கம்பெனிகள் சூழ்ந்த ஏழாயிரம்பண்ணைக்காரி. வெடிச்சத்தம் கேட்டு ஊர் ஓடும்போதெல்லாம் கூடவே ஓடி, ஒன்றும் செய்யத் தெரியாமல் கையைப் பிசைந்து நின்றவள். இனி அப்படி நிற்கக்கூடாது என்றுதான் இந்த வேலைக்குப் படித்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு கம்பெனி ஒன்றில் அறை வெடித்துச் சுவர் சரிந்தது. அவள் போய் இறங்கியபோது அங்கே வேலை செய்த மாரிக்கண்ணன் வெறுந்தரையில் கிடந்தார். கையில் சின்னத் தீக்காயம். தொடையில் ஆழமான வெட்டு. தீ என்று பயந்து உடம்பு முழுக்கக் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

பொன்மணி வெட்டுக்குள் துணியைத் திணித்து இறுக்கிக் கட்டினாள். கட்டையும் மீறி ரத்தம் கசிந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது.

வண்டி கிளம்பியதும், "ஏசியை அமத்துங்கண்ணே" என்றாள் டிரைவர் முனியராஜிடம்.

கூட ஏறிய மாரிக்கண்ணன் மனைவி அய்யம்மாள் பதறினாள். "என்னத்தா செய்றீக? தீப்பட்ட உடம்பு, குளுந்தாத்தான எரிச்சல் அடங்கும்?"

"தீப்பட்டது கை மட்டுந்தாக்கா. அதுல தண்ணி ஊத்துனது சரிதான். ஆனா உடம்பே குளுந்துட்டா ரத்தம் லேசுல உறையாது. எம்புட்டு இறுக்கிக் கட்டுனாலும் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். ஈரத்துணிய வெட்டணும், பிடிங்க."

அய்யம்மாள் கூசினாள். பிறகு வேட்டியைப் பற்றி இழுத்துப் பிடிக்க, பொன்மணி கத்தரியால் வெட்டி எடுத்தாள். ஈரம் துடைத்து, அடியிலும் மேலுமாகக் கம்பளி சுற்றினார்கள், தலையையும் மூடினார்கள். புழுக்கத்தில் முனியராஜின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. அதன் பிறகு பொன்மணி வெட்டின் மேல் வைத்த கையை எடுக்கவேயில்லை. தோள் கடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். அய்யம்மாள் புருஷனின் பாதங்களை மடியில் வைத்து முந்தானையால் பொதிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சூடாக்கி ஏற்றி, ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். "இன்னும் குளுந்து வந்திருந்தா ரத்தத்தை நிறுத்தப் பெரும்பாடு பட்டிருப்போம்" என்றார் டாக்டர். மாரிக்கண்ணன் பிழைத்தார். கால் விந்தித்தான் நடக்கிறார்.

அதற்குப் பின் பொன்மணி லீவு நாளில், காயம்பட்டவரைப் பொதியக் கம்பளி வாங்கி வைக்கச் சொல்லிக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். ஆனைக்குட்டம் பக்கம் ஒரு போர்மேன் சிரித்தார். "இந்த வெயில்ல கம்பளியா, ஆத்தா?"

"வெயிலு உங்களுக்குண்ணே. ரத்தம் போனவனுக்குக் குளுருதான்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். மறுவாரம் அவள் போய்ப் பார்த்தபோது, மணல் வாளிகளுக்குப் பக்கத்தில் இரண்டு கம்பளிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அடுத்த கம்பெனிக்கு வழி கேட்டுக் கிளம்பினாள்.