தம்பிக்குப் பின்னால் ஒரு வாக்கு

எண்பதுகளின் நடுப்பகுதியில், பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மேல்மாடியில் மார்தினிக் தீவைச் சேர்ந்த கறுப்பினப் பெண்மணி ஒருவர் வாழ்ந்தார். மருத்துவமனையில் தாதியருக்கு உதவியாளர். அந்தத் தீவு பிரான்சின் பகுதியென்பதால் வாக்குரிமை அவருக்குப் பிறப்போடு வந்தது. அகதியான எனக்கு அது இல்லை. வாக்குப்பெட்டிகள் காணாமற்போன ஊரிலிருந்து வந்தவள் என்பதாலோ என்னவோ, தம்மவர் எல்லாரும் வாக்களிக்க வேண்டுமென்ற அவருடைய பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

மார்கழி முழுவதும் வேலைக் களைப்போடு படியேறி இறங்கித் தம் தீவுக்காரரை நகரசபைக்கு அழைத்துப்போய் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிவித்தார். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் அவருடைய தம்பி மட்டும் நெடுநாள் மறுத்து, கடைசியில் அக்காவுக்காக இணங்கினான். அவன் வாக்களித்த பின்பே தாம் வாக்களிப்பதென்று அவர் முடிவுசெய்திருந்தார்.

தேர்தல் ஞாயிறன்று தாய்மார் உள்ளே போய்வரும்வரை, வாக்குச்சாவடியாயிருந்த பள்ளிக்கூடத்தின் முற்றத்தில் அவர்களுடைய பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டேன். வீதியால் போன எங்கள் தமிழ்ப் பலசரக்குக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அக்கா, இவ்வளவும் உங்கட பிள்ளையளோ?"

"ஓம், இண்டைக்கு மட்டும்."

"உங்களுக்கே இஞ்சை வோட்டில்லை. பிறகேன் குளிருக்கை நிக்கிறியள்?"

சிரித்தபடி போய்விட்டார்.

தம்பி கழுத்துப்பட்டி அணிந்து வந்தான். உள்ளே போனவன் சற்று நேரத்தில் வெளியே வந்தான். முற்றத்தில் காத்திருந்த அக்காவும் அவனும் பிரெஞ்சில் பேசியது இன்றும் எனக்கு எங்கள் தமிழிலேயே கேட்கிறது.

"போட்டிட்டியோ?"

"இல்லை. முன்னால நிண்ட ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. என்னட்டை மட்டும், எப்ப பிரெஞ்சுக்காரன் ஆனனீர் எண்டு மேசையில இருக்கிறவங்கள் கேக்கிறாங்கள்."

"பாட்டன் காலத்திலையிருந்து எண்டு சொல்லன்!"

"சொன்னனான். சிரிச்சாங்கள்."

வாக்காளர் அட்டையை அக்காவின் கையில் வைத்துவிட்டு நடந்தான். கோபம் ஆறியதும் வருவான் என்றார் அவர். தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றார்கள். வெளிச்சம் மங்கியது. நீங்களாவது போட்டுவிட்டு வாருங்கள் என்று பலமுறை சொன்னேன்.

"நான் போட்டால் அவனை விட்டிட்டுப் போனமாதிரி" என்றார்.

காவலாளி கதவைச் சாத்த வந்தபோது எழுந்து ஓரடி வைத்தார். பிறகு வீதியைத் திரும்பிப் பார்த்தார். கதவு மூடிற்று.

வீடு திரும்பும் வழியில், அவர் பெயர் பதிவித்த அயலவள் ஒருத்தி, தன் முதல் வாக்கைப் போட்டுவிட்டதாகச் சொல்லி அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளை அணைத்து, "நல்லது, நல்லது" என்று மட்டும் சொன்னார்.