பேனருக்குக் கீழே நின்ற சிறுமி

எங்கள் பள்ளி வாசலில் ஒரு பெண் ஹெல்மெட்டால் அடிபட்டதற்கு நான் எடுத்த படமே காரணம்.

ஆண்டு விழா விருந்தில் படம் எடுக்கும் வேலையை, ஓய்வு பெற்ற ஆசிரியனான நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, நான் போனைத் தூக்கும்போதெல்லாம் தூணுக்குப் பின்னால் போனாள்.

“வேணாம் சார். போட்டோல நிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிச்சு.”

“ஒரு போட்டோல தேஞ்சா போயிடுவ? முன்னாடி வா.”

கூச்சம் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்தேன். பள்ளியின் பெயர் எழுதிய பேனருக்குக் கீழே நிறுத்தினேன். அன்றே படம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது.

அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி, அவள் அம்மா மகளோடு அரியாங்குப்பத்தில் ஒளிந்து வாழ்ந்திருக்கிறாள். படம் கைமாறி அவனிடம் சேர்ந்துவிட்டது. சில நாள் கழித்து, மகளை அழைத்துப்போக வந்தவளை, என் கண்ணெதிரே, வாசலிலேயே ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தான். விழுந்த பிறகும் அடித்தான். நாலைந்து பேர் சேர்ந்துதான் அவனை இழுக்க முடிந்தது. அவள் துப்பிய ரத்தத்தில் பல் கிடந்தது.

சிறுமி அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அதான் சார் வேணாம்னேன்.”