மிலுங்காவின் கழுத்தில் படும் காற்று

பேருந்தில் ஏறியதும் மிலுங்கா உட்காருவதில்லை. குடைமிளகாய்ப் பையைக் காலடியில் வைத்துவிட்டு, ஆட்களுக்கு மேலே எட்டி ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே போவார். ஜூலை வெயிலில் தகரம் கொதித்தாலும் அப்படித்தான். யாராவது முணுமுணுத்தால், "ரெண்டு பக்கமும் திறந்து வச்சிருக்கீங்க. நாளைக்குக் கழுத்து திரும்பலன்னு அழாதீங்க" என்பார். எங்கள் ஊர் லெஸ்கோவாட்ஸில், எதிரெதிர் ஜன்னல் வழியே வீசும் குறுக்குக்காற்று பட்டால் நோய் வருமென்று எல்லோருக்குமே பயம் உண்டு. அவர்களே மிலுங்காவைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

கால்சட்டை மடித்துத் தைப்பதும் ஜிப் மாற்றுவதும் அவர் தொழில். தைத்ததை இஸ்திரி போடுவது நான். வீட்டு ஜன்னல் இடுக்குகளில் மிச்சக் கம்பளித் துணியைத் திணித்து வைத்திருக்கிறார். ஈரத்தலையோடு போனால் துவட்டிவிட்ட பிறகுதான் காபி தருவார். தைத்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இயந்திரத்தை நிறுத்தி, "வருது பாரு" என்பார். மூடிய அறையில் என் பிடரியும் சில்லிடும்.

அவர் மகள் யாஸ்னா தவழும் வயதில் காய்ச்சலில் போனாள். மூளைக்காய்ச்சல் என்றது ஆஸ்பத்திரி. மிலுங்கா என்னிடம் ஒருமுறை, நூலைக் கடித்தபடி வேறு காரணம் சொன்னார். காய்ச்சல் கண்ட அன்று கணவர் ஸ்வெதோமிர் சிகரெட் பிடிக்க ஜன்னலைத் திறந்தாராம். அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜன்னல்களைச் சாத்தினார், அவ்வளவுதான்.

இப்போது ஸ்வெதோமிருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. படுக்க முடியாமல், கட்டிலில் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிக்கிறார். சுவரெல்லாம் கறுப்புப் பூசணம். போன வாரம் வந்த டாக்டரம்மா வாசலிலேயே மூக்கைச் சுளித்தார்.

"ஜன்னலைத் திறங்கம்மா. இந்தப் பூசணந்தான் அவரைக் கொல்லுது."

"மூடியிருக்கும்போதே காத்து வருதே டாக்டர்."

டாக்டரம்மா மேசையிலிருந்து ஒரு நூலை எடுத்து ஜன்னலோரம் தொங்கவிட்டார். அது அசையவில்லை.

"பாத்தீங்களா?"

"நூலுக்கு என்ன தெரியும்? அதுக்குக் கழுத்தா இருக்கு?"

ஸ்வெதோமிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, உதடு நீலம் பாரித்தது. டாக்டரம்மா தலையை ஆட்டிவிட்டு, மருந்தை எழுதி வைத்துவிட்டுப் போனார்.

மூச்சு கொஞ்சம் கிடைத்ததும் ஸ்வெதோமிர் ஜன்னலைக் காட்டிக் கூப்பிட்டார். "மிலுங்கா."

"உனக்கு ஒத்துக்காதுய்யா. செத்துப்போவ."

"திறக்காட்டியும் சாகத்தான் போறேன். மூச்சு விட்டுட்டே போறேனே."

மிலுங்கா எழவில்லை.

"அன்னைக்குத் திறந்தது நான்தான்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "நீ சொல்லலன்னா எனக்குத் தெரியாதா? இன்னைக்கு நீ திறடி."

நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன். மிலுங்கா எழுந்தார். ஜன்னலுக்குப் போய்க் கம்பளித் துணிகளை ஒவ்வொன்றாக உருவினார். கதவு பிடித்துக்கொண்டது. தோளால் தள்ளித் திறந்தார். மழைக்காற்று உள்ளே வந்தது. ஸ்வெதோமிர் வாயைத் திறந்து அதை இழுத்துக்கொண்டார்.

மிலுங்கா ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே வந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, கைகளை அகல விரித்துக்கொண்டு நின்றார்.