கடல் கடந்த செய்முறை

எனக்கு வாய் நீளம். திருக்கோகர்ணம் ஸ்டாண்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிற ஒரே பொம்பளை நான்தான். வாய் இல்லையென்றால் அங்கே ஒரு நாள்கூடக் காலம் தள்ள முடியாது. வெங்காயம், சிமெண்ட், கல்யாண வீட்டு அண்டா என்று ஏற்றாத சாமான் இல்லை. கிறிஸ்துமஸ் பரிசு ஏற்றியது மட்டும் அந்த டிசம்பரில்தான் முதல் தடவை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன சர்ச் இருக்கிறது. அதன் பாஸ்டர் வந்து கேட்டார். வெளிநாட்டிலிருந்து நாற்பது பெட்டி வந்திருக்கிறதாம். கொடும்பாளூர் தாண்டிக் கல் குவாரியில் வேலை செய்கிற குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். "நீங்க கோயிலுக்குப் போறவங்க, ஒங்களுக்கு ஒண்ணும் சங்கடமில்லயே?" என்று இழுத்தார்.

"பெட்டிக்கு ஏது சாமி, பாஸ்டர்? ஏத்துங்க" என்றேன்.

செருப்புக் கடையில் தருவார்களே, அந்த அளவு அட்டைப்பெட்டிகள். பளபளவென்று தாள் சுற்றி, ஆண்பிள்ளைக்கா பெண்பிள்ளைக்கா, எத்தனை வயதுக்கு என்று மேலே சீட்டு ஒட்டியிருந்தது. குவாரிக் குடியிருப்பில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியதுமே பிள்ளைகள் மொய்த்துக்கொண்டன. பெட்டியைத் திறந்தால் சோப்பு, நோட்டு, குட்டிக் கார். ஒன்றில் கம்பளிக் கையுறை. டிசம்பரிலும் முதுகு வேர்க்கிற ஊருக்குக் கையுறை! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு ரோஸ் நிறக் கம்பளிக் குல்லாவும் கலர் பென்சில் டப்பாவும் வந்தன. குல்லாவை அவள் சட்டை செய்யவில்லை. பென்சில் ஒவ்வொன்றையும் எடுத்து மோந்து பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அவள் அம்மா வேலை முடிந்து வந்தாள். தலைமுடியெல்லாம் கல்தூசி அப்பியிருந்தது. பெட்டியைப் பார்த்தாள், பாஸ்டரைப் பார்த்தாள்.

"இது யாரு செஞ்ச செய்முறைங்க?"

எங்கள் பக்கத்தில் செய்முறை என்றால் விளையாட்டு இல்லை. நம் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் குடம் எடுத்து வந்தால், அவர் வீட்டு விசேஷத்துக்கு நாமும் ஒரு குடமாவது தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும். பாஸ்டருக்கு அவள் கேட்டது பிடிபடவில்லை.

"வெளிநாட்டுல யாரோ அன்பா அனுப்புனதும்மா. பேரெல்லாம் தெரியாது."

"பேரு தெரியாம, ஊரு தெரியாம எப்படிங்க கை நீட்டுறது? நாளைக்கு அவுங்க வீட்டு விசேஷம்னா நான் எந்த வாசல்ல போயி நிப்பேன்?" மகளிடம் திரும்பி, "வச்சுரு ஆத்தா" என்றாள்.

அந்தப் பிள்ளை பென்சில்களை வரிசை மாறாமல் டப்பாவில் அடுக்கி, டப்பாவைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை என் வண்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டது. அழுது தொலைத்திருந்தால்கூட எனக்குத் தேவலை.

எனக்கு வந்ததே கோபம்! "ஏம்மா, பச்சப்புள்ள கையிலேர்ந்து புடுங்குறியே, ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லயா? ஓசியில வந்ததுக்கு எதுக்கு இம்புட்டு ரோசம்?" என்று கத்திவிட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. "ஓசின்னு சொல்லிக் குடுத்தா நீங்க வாங்குவீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

வாங்கியிருக்கிறேன். அதுதான் சங்கதி. ஒரு புயலில் எங்கள் வீட்டுக் கூரைத் தகடு பறந்துபோனபோது, வரிசையில் நின்று ஒரு தார்ப்பாய் வாங்கினேன். கொடுத்தவர் ஒரு முனையை என் கையில் பிடிக்கச் சொல்லி, "சிரிங்கம்மா" என்று போட்டோ எடுத்தார். நானும் சிரித்தேன். அந்தப் படம் சொந்தக்காரர்கள் போனிலெல்லாம் சுற்றியது. எனக்கு மானமே போய்விட்டது. தார்ப்பாயை இன்றுவரை பிரிக்கவில்லை. அப்படிப்பட்ட நானா இவளைப் பார்த்து ஓசி என்றேன்? வெட்கமாக இருந்தது. படம் எடுக்கப் போனைத் தூக்கியிருந்த பாஸ்டரும் சத்தமில்லாமல் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இரு தாயி, பேரு இருக்கான்னு பாப்போம்" என்று பெட்டியைக் கவிழ்த்தேன். குல்லாவுக்குள் ஒரு அட்டை இருந்தது; கூடவே ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவின் படம். பாஸ்டர் வாசித்துச் சொன்னார். அந்த அம்மாவுக்கு எழுபத்தோரு வயது, தனியாக இருக்கிறார், கண் பார்வை மங்கல். இந்தக் குல்லாவைத் தானே பின்னினாராம். கீழே பேரும் விலாசமும் எழுதியிருந்தது.

"கண்ணு தெரியாமயா பின்னுனாங்க?" அம்மாக்காரி குல்லாவை வாங்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். "சரி. பேரு இருக்கு, ஊரு இருக்கு. இனிமே வாங்கலாம்."

பென்சிலும் குல்லாவும் மகள் கைக்குப் போயின. காலிப் பெட்டியோடு வீட்டுக்குள் போனவள், அது நிறைய வறுத்த கடலையோடு திரும்பி வந்தாள். "வெறும் பெட்டியா அனுப்பக் கூடாதுக்கா. அந்தம்மாகிட்டச் சேத்துருங்க."

"அது என் பொறுப்பு" என்றேன். சொன்னேனே, வாய் நீளம்.

தபாலாபீஸ் கவுண்டரில் இருந்த தம்பி பெட்டியை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "கடலையா? அங்கிட்டு விடமாட்டாங்கக்கா. தூக்கிக் குப்பையில போட்டுருவாங்க."

இரண்டு நாள் அந்தப் பெட்டி என் சீட்டிலேயே கிடந்தது. தின்று தீர்த்துவிட்டு, சேர்த்தாச்சு என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் சாவியைத் திருகும்போதெல்லாம் அந்தக் குவாரிக்காரி முகம்தான் முன்னால் வந்தது. மூன்றாம் நாள் சவாரியை விட்டுவிட்டுக் குவாரிக்குப் போனேன். உள்ளதைச் சொன்னேன்.

அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நாங்க வாங்குனது, வாங்குனதாவேதான் நிக்குமாக்கா?"

பக்கத்தில் அவள் மகள், மறுபடியும் பெட்டியில் வைக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பென்சில் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திங்கிற சாமான்தானே போகாது? வேற எதாச்சும் குடு, கொண்டுபோறேன்."

அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கொடுக்கிற மாதிரி அங்கே ஒன்றும் இல்லை. சட்டென்று எழுந்து கல் குவியலுக்குப் போனாள். புரட்டிப் புரட்டிப் பார்த்து, பொடிப்பொடியாய் மின்னுகிற கருங்கல் துண்டு ஒன்றை எடுத்தாள். சுத்தியலால் ஓரம் தட்டி, அடி தட்டி, இன்னொரு கல்லில் வைத்துத் தேய்த்து, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஆக்கிவிட்டாள். அதைச் சுற்ற மகள் ஒரு தாளில் படம் போட்டுத் தந்தாள்: அவர்கள் வீடு, வேப்பமரம், என் வண்டி. என்னை வண்டியைவிடக் குண்டாக வரைந்திருந்தாள், கழுதை! கடலையை மூன்று பேருமாகத் தின்றோம்.

"கல்லா? அந்த ஊர்ல கல்லே இல்லயாக்கா?" என்றார் கவுண்டர் தம்பி.

"இருக்கும். இவ ஒடச்ச கல்லு இருக்காது. ஸ்டாம்ப ஒட்டுங்க தம்பி."

சித்திரை வெயிலில் என் விலாசத்துக்குப் பதில் வந்தது. படத்தில் அந்த அம்மா சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மேஜையில் காகிதங்கள் பறக்காமல் அந்தக் கல், சுவரில் அந்தப் பிள்ளை வரைந்த படம். பாஸ்டர் கடிதத்தை வாசித்துச் சொன்னார். 'எத்தனையோ வருஷமாகப் பெட்டி அனுப்புகிறேன். எனக்கு ஒன்று வந்தது இதுதான் முதல் தடவை' என்று அந்த அம்மா எழுதியிருந்தார்.

அன்றைக்கே வண்டியை எடுத்தேன். குவாரிக்காரி அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, "போயி குல்லாவ எடுத்துட்டு வா" என்றாள்.

உச்சி வெயில், நெருப்பாய்க் கொட்டுகிறது. அந்தப் பிள்ளை ரோஸ் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றது. அம்மாக்காரி முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்து, முடியை ஒதுக்கி, மகள் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

"எங்கள ஒரு போட்டோ எடுங்கக்கா. அந்தம்மாவுக்கு அனுப்பணும்ல?"

போனைத் தூக்கினேன். சிரிங்க என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.