சிவப்புத் துணி கட்டிய காய்

சரிந்து கிடந்த சுரைப்பந்தலின் முடிச்சுகளைச் சுமலதா அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் வேண்டாமென்று எறிந்த பேக்கிங் ஸ்ட்ராப்பைக் கொண்டுவந்து அவளே போட்ட முடிச்சுகள். காற்று இழுத்த இழுப்பில் கல்லாக இறுகியிருந்தன. காலை ஷிப்டு முடிந்து வந்தவள் யூனிபாரம் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு அடித்த காற்று. கத்திரி வெயிலில் வறுபட்டுக் கிடந்த கும்மிடிப்பூண்டியில் அரை மணி நேரம் ஆலங்கட்டியோடு பெய்துவிட்டு ஓய்ந்தது. பேக்கிங் செக்ஷனின் தகரக்கூரை தடதடத்தபோதே அவளுக்குப் பந்தல் ஞாபகம்தான். வந்து பார்த்தால் வெண்டை முழுக்க மடங்கிக் கிடந்தது. கத்தரியில் ஒரு பூ இல்லை. தக்காளி நின்ற இடத்தில் யார் வீட்டுக் கூரையிலிருந்தோ பறந்துவந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டு.

அவளுடைய அப்பா பெரியபாளையம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். சொந்தமென்று அவளுக்கு வாய்த்த மண் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் இந்த ஒரு சென்ட்தான். பதினோரு வருஷமாக இதில் காய் பறிக்கிறாள். இதிலே இரண்டு ரூம் கட்டி வடக்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று அவள் புருஷன் துளசிராமன் மூன்று வருஷமாகச் சொல்லிவருகிறான். அவள் பதிலும் மூன்று வருஷமாக ஒன்றுதான்.

“வெதக்காய் முத்தட்டும், பாக்கலாம்.”

காய் முற்றும். விதை எடுப்பாள். ஆடியில் மறுபடியும் ஊன்றிவிடுவாள். ரூம் பேச்சு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

இந்த வருஷ விதைக்காய்க்கு, யாரும் தெரியாமல் பறித்துவிடாதபடி, சிவப்புத் துணி கட்டியிருந்தாள். கொடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் அது அகப்படவில்லை.

“இன்னாய்யா, கொடில இருந்த காயெல்லாம் எங்க?”

துளசிராமன் பின்வாசல் படியில் தலை துவட்டிக்கொண்டிருந்தான். இந்த வாரம் அவனுக்கு நைட் ஷிப்டு. காற்று அடித்தபோது வீட்டில்தான் இருந்தான்.

“நனைஞ்சிக்கினே அல்லாத்தையும் பொறுக்கிப் பிரிச்சி வெச்சிட்டேன். நல்லது ஆறு, கூடைல கீது. ஒடஞ்சத ஞானம்மாக்கா மாட்டுக்குக் குடுத்துட்டேன்.”

“செவப்புத் துணி கட்னது?”

“அதுவுந்தான். நீயே கட்டி ஒதுக்கி வெச்சிருந்தியே.”

“ஒதுக்கியா?”

“செவப்பு கட்னா ரிஜெக்ட்டு தான?”

பத்தொன்பது வருஷமாக இன்ஸ்பெக்ஷன் டேபிளில் நிற்கிறவன். தேறாத பீஸில் சிவப்பு டேப்பைச் சுற்றித் தொட்டியில் போடுவதுதான் அவன் வேலை.

சுமலதா பக்கத்து வீட்டு மதில்வரை போய் எட்டிப் பார்த்தாள். தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது.

“இப்பதான் துன்னு முடிச்சிச்சி சுமா,” என்றாள் ஞானம்மா. “வெட்டிப் போடசொல்லோ கேட்டேன், இன்னா தம்பி காய்க்கு ரிப்பன் கட்டிக்கிறன்னு. உங்கூட்டுக்காரரு சீல் வெச்சித்தான் டெலிவரி குடுப்பாரு போல!”

சிரித்தவள், சுமலதாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அலசிப் போட்டிருந்த சிவப்புத் துணியை எடுத்து மதில்மேல் வைத்தாள்.

“துணிய துன்னலம்மா, அத வெச்சிக்கோ.”

சமையலறையில் சுமலதா ஆறு காயில் ஒன்றை நறுக்க உட்கார்ந்தாள். பிஞ்சு. விதை என்று சொல்ல உள்ளே ஒன்றும் திரளவில்லை. துளசிராமன் வந்து எதிரே உட்கார்ந்தான்.

“வேணும்னு போடல சுமா.”

“தெரியும்.”

தெரிந்ததுதான் பேஜாராக இருந்தது. வேண்டுமென்றே செய்திருந்தால் கத்தித் தீர்த்திருக்கலாம்.

“கடைல பாக்கெட்டு வெத விக்கிறானே.”

“முந்தி போட்டமே, ஆளுயரத்துக்குக் கொடிதான் வந்துச்சி.”

அவன், குத்திக்காட்டும் எண்ணம் எதுவுமில்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டான்.

“எடமும் காலியாத்தான கீது. ஞாயித்துக்கெழம மேஸ்திரிய வந்து பாக்கச் சொல்லட்டா?”

வழக்கமான பதில் அவள் வாய்வரை வந்தது. முற்றுவதற்குத்தான் காய் இல்லை. நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் போட்டாள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பந்தலில் இன்னும் பாதி முடிச்சுகள் அறுக்காமல் கிடந்தன. சுவரோரம் சாய்த்திருந்த அரிவாளை எடுத்துக்கொண்டாள்.

“இன்னா சுமா, சொல்லட்டா?” என்று துளசிராமன் மறுபடியும் கேட்டபோது அவள் பின்வாசலைத் தாண்டியிருந்தாள்.