மட்டாஞ்சேரியில் இரண்டாவது தட்டு

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஜெனி தூங்கிய பிறகுதான் எனக்குக் கை காலியாகிறது. இன்றைக்கு அவள் லேசில் தூங்கவில்லை. அந்தச் சேவலை யார் வாங்கினார்கள், அந்தத் தாத்தா முறுக்கு முழுவதையும் தின்றுவிட்டிருப்பாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்போதுதான் அவளுடைய ஸ்பிளின்ட்டைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், தூக்கம் எனக்கும் வருகிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: ஜெனி என் மகள், நான்கு வயது. இடது காலில் பிறந்ததிலிருந்தே தசை இறுக்கம். பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் கட்டிக்கொண்டு நடப்பாள், நன்றாகவே நடப்பாள். ஆனால் அடுத்த வகுப்புக்குப் போவதற்குள் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காப்பீடு பாதியைத்தான் தாங்கும். இதைக் கேள்விப்பட்ட எங்கள் கோவைத் தேவாலயத்துப் பங்குத்தந்தை, "அடுத்த மாசம் ஒரு ஞாயிறு ஜெனிக்காகச் சிறப்புக் காணிக்கை எடுப்போமா? யோசிச்சுச் சொல்லும்மா" என்றார்.

யோசித்தேன். யோசித்து யோசித்துத் தலைவலிதான் வந்தது. பூசை முடிவில் அவள் பெயரை வாசிப்பார்கள். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். "ஐயோ பாவம்" என்பார்கள். அவள் கல்யாணத்தன்றுகூட யாராவது, "இந்தப் பிள்ளைக்கு நாங்கதான் குடுத்தோம்" என்று சொல்லிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். (ஆமாம், நான் அவ்வளவு தூரம் போய்விட்டேன்.) இதையெல்லாம் போனில் கொட்டியபோது ஸ்டெல்லா சொன்னாள்: "அடியே, நீ வீட்டுக்குள்ள உட்கார்ந்து அழறதுக்கு ஒரு தடவை இங்க வா. இந்த ஞாயிறு எங்க பள்ளியில ரெண்டாவது தட்டும் உண்டு, லேலமும் உண்டு. பார்த்துட்டு முடிவு பண்ணு."

ஸ்டெல்லா என் கல்லூரி விடுதித் தோழி, நாகர்கோவில்காரி. மட்டாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷம் ஆகிறது. பள்ளி என்றால் அங்கே தேவாலயம். லேலம் என்றால் ஏலம். இரண்டாவது தட்டு என்றால் வழக்கமான காணிக்கைக்குப் பிறகு எடுக்கும் சிறப்புக் காணிக்கை.

சனிக்கிழமை காலை கோவையில் ரயில் ஏறினோம், நானும் ஜெனியும் மட்டும். இவருக்கு மில்லில் ஷிப்ட். எர்ணாகுளம் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பாலக்காடு தாண்டியதும் ஜன்னலில் பச்சை வந்துவிடும், பிள்ளைகள் அழுவதை நிறுத்திவிடுவார்கள். ரயில் நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு ஆட்டோ ஐம்பது ரூபாய். அங்கிருந்து போர்ட் கொச்சிக்கு அரசுப் படகு, ஆளுக்கு ஆறு ரூபாய், இருபது நிமிடம். ஏசி உள்ள வாட்டர் மெட்ரோவும் உண்டு, ஏறி இறங்க அதுதான் வசதி. எனக்கு ஆறு ரூபாய்ப் படகு பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது.

படகுக்கும் துறைக்கும் நடுவில் ஓர் அடி இடைவெளி, கீழே தண்ணீர். நான் தயங்கி நிற்பதற்குள் படகு ஊழியர் ஜெனியை அள்ளி உள்ளே வைத்துவிட்டார். "சேட்டா, லைஃப் ஜாக்கெட் எங்க?" என்று மூன்று முறை கேட்டேன்.

"மேல உண்டு சேச்சி. பேடிக்க வேண்டா, பயப்பட ஒண்ணுமில்ல. இந்தக் காயல்ல நான் வந்த பிறகு முங்கிப் போனது என் செருப்பு மட்டும்தான்."

ஜெனி சிரித்தாள். நான் அவள் சட்டையைப் பிடித்த கையை விடவில்லை.

போர்ட் கொச்சி துறையிலிருந்து ஸ்டெல்லா வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, ஆட்டோ அறுபது ரூபாய். வழியெல்லாம் பழைய கிடங்குகள். சுக்கு, மிளகு, அரிசிச் சாக்கு வாசனை ஆட்டோவுக்குள் ஏறி நம்மோடு உட்கார்ந்துகொள்ளும். லாரி நிற்கும் இடங்களில் சந்து அடைத்துக்கொள்ளும். சனிக்கிழமை மதியம் போகிறவர்கள் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெல்லாவுக்கென்று நானே சுட்ட கைமுறுக்கு ஒரு டின் நிறைய மடியில் இருந்தது. குலுங்கக்கூடாதென்று குழந்தையைப் போலப் பிடித்திருந்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிப் பூசை. காணிக்கைத் தட்டு வழக்கம்போல வந்துபோனது. நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கிய பிறகு பங்குத்தந்தை மைக் முன்னால் வந்து மலையாளத்தில் ஏதோ சொன்னார். உடனே இரண்டாவது தட்டு கிளம்பியது. சுருக்கமாக முடித்துவிட்டாரே என்று ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

"என்னடி சொன்னாரு?"

"சலீமிக்காவை நமக்கெல்லாம் தெரியும். அவருக்குச் செயற்கைக் கால் வைக்கணும். ரெண்டாவது தட்டு அதுக்கு."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்? பாட்டா பாடணும்?"

சலீமிக்கா, அதாவது சலீம் அண்ணன், அந்தக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர். போன மழைக்காலத்தில் அரிசி மூட்டை அடுக்கு சரிந்து, வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். "அவர் உங்க பங்கைச் சேர்ந்தவர் இல்லையேடி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"காலுக்கு எந்தப் பங்குன்னு யாரு பார்த்தா? என் மாமனாரும் அவரும் ஒரே கிடங்குல இருபது வருஷம் சுமந்தவங்க."

பிறகு அவளே எனக்குக் கணக்காகச் சொன்னாள். முதல் தட்டு பள்ளிக்கு. மெழுகுதிரி, கரண்ட் பில், உபதேசியார் சம்பளம் எல்லாம் அதில். இரண்டாவது தட்டுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் உண்டு. ஒரு ஞாயிறு மறைபரப்புக்கு, ஒரு ஞாயிறு சாமியாராகப் படிப்பவர்களின் குருமடத்துக்கு, கடல் ஏறி வீட்டை இழந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு, சலீமிக்கா போல ஆள் இருந்தால் பங்குப் பேரவை கூடிப் பேசி அவருக்கு. "என்ன பேரைச் சொல்லி எடுத்தோமோ, அதுக்கு மட்டும்தான். கூரை ஒழுகினாலும் இதுல இருந்து ஓர் ஓடு வாங்கப்படாது." அவள் இதைச் சொன்னபோது ஏதோ தன் வீட்டு நகையைக் காட்டுகிற மாதிரி முகத்தில் ஒரு மிதப்பு. எனக்கும் தொற்றிக்கொண்டது. சின்ன வயசிலிருந்து இரண்டாவது தட்டு வரும்போது சில்லறை தேடியிருக்கிறேன், அதற்குள் இவ்வளவு கண்டிப்பான ஒரு வாக்கு இருக்கிறதென்று நினைத்ததில்லை.

பூசை முடிந்து முற்றத்தில் லேலம். நீளமாக ஒரு மேசை. வீட்டுக்கு வீடு கையில் இருப்பதைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்: தேங்காய், கப்பைக்கிழங்கு (நம் மரவள்ளி), ஒரு கேக், கால் கட்டிய சேவல். பிள்ளைகள்தான் வைக்க வேண்டும் என்று வழக்கமாம். ஸ்டெல்லா இரண்டு தேங்காயும், "உன் முறுக்கு எனக்கு வந்ததுதானே, இதையும் வைக்கிறேன்" என்று டின்னையும் கொண்டுவந்திருந்தாள். ஜெனி டின்னைப் பிடுங்கிக்கொண்டாள்.

நான் தூக்கப் போனேன். "நானே" என்றாள். முற்றம் முழுக்க மேடு பள்ளமான கல். டின் அவள் நெஞ்சளவு. ஸ்பிளின்ட் டக் டக் என்று சத்தம் போட, எங்கும் பிடிக்காமல் போனாள். இரண்டு முறை நின்றாள். என் கை தானாகவே நீண்டு நீண்டு திரும்பியது. யாரும் "பாவம்" சொல்லவில்லை. ஒரு பையன், "வேகம் வா, லேலம் தீரும்" என்று அதட்டினான். அவள் டின்னை மேசையில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. தாய்மார்கள் புரிந்துகொள்வீர்கள்.

ஏலம் விட்டவர் ஜோசி சேட்டன், பள்ளிக் காரியம் பார்க்கிறவர், தொண்டையால் காக்கா விரட்டக்கூடியவர். "கோயம்புத்தூர் முறுக்கு! ரயில் ஏறி, போட் ஏறி வந்த முறுக்கு!" என்று ஆரம்பித்தார். விலை ஏறியது. கண்ணாடி போட்ட ஒருவர் வாங்கினார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பணத்தைப் பெட்டியில் போட்டார், டின்னைக் கையில் எடுத்தார், மூடியைத் தட்டினார், மறுபடி மேசையில் வைத்துவிட்டார்.

எனக்குத் திக்கென்றது. காரல் வாசனையா? புது எண்ணெய்தானே ஊற்றினேன்? ஜோசி சேட்டன் திரும்பவும் கூவ, ஓர் அம்மா வாங்கினார். அவரும் திருப்பி வைத்தார். மூன்றாவதாக ஒரு கடைக்காரர், அவரும் அப்படியே. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. நேராக மேசைக்குப் போய் டின்னை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "பிடிக்கலைன்னா பரவாயில்லைங்க, நானே எடுத்துக்கறேன்" என்றேன்.

முற்றமே சிரித்தது பாருங்கள்!

"அய்யோ மோளே!" ஜோசி சேட்டன் மைக்கிலேயே கத்தினார். "லேலம் விளிக்காமலே, விலை கேட்காமலே கொண்டு போறாங்களே! பிடிங்க, பிடிங்க!"

ஸ்டெல்லா ஓடிவந்தாள். "லூசு, பிடிக்காம இல்லடி. வாங்கினவங்க திருப்பி வைக்கிறதுதான் இங்க மரியாதை. மறுபடி விற்கலாம், சலீமிக்கா பேருக்கு மறுபடி சேரும். உன் டின்தான் இன்னிக்கு ஹீரோ."

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் விலை கேட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர், வேட்டியின் ஒரு பக்கம் மடிந்து கிடந்தது, ஊன்றுகோல் மடியில். அவர்தான் சலீம். யாருக்காக ஏலமோ, அவரே ஏலம் கேட்கிறார்! எங்கோ ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார் என்று நான் நினைத்துவைத்திருந்தேன்.

"சலீமிக்கா," என்றார் ஜோசி சேட்டன், "உங்க காலுக்குத்தான் லேலம். நீங்களே விலை ஏத்தினா எப்படி?"

"கால்தானே போச்சு? தொண்டை போகலையே! விளிக்கடா!"

"இருபது வருஷமா ஒரு சாயா வாங்கிக் குடுக்காத ஆளு!" என்று கூட்டத்தில் ஸ்டெல்லாவின் மாமனார்.

"நீ குடிச்ச சாயாவை எண்ண எனக்கு விரல் போதாதுடா!"

கடைசியில் சலீம்தான் எடுத்தார். அந்தப் பணத்துக்கு முறுக்கு சுடும் சட்டியே வாங்கலாம். "இது திருப்பி வைக்க மாட்டேன், தின்னப் போறேன்" என்று அங்கேயே மூடியைத் திறந்து ஜெனியைக் கூப்பிட்டார். தமிழ் லாரிக்காரர்களோடு பழகிய தமிழ்.

"இது என்ன மோளே, பூட்ஸா?"

"ஸ்பிளின்ட். ராத்திரி கழட்டிடலாம்."

"எனக்கும் ஒண்ணு வரப்போகுது. அதையும் ராத்திரி கழட்டிடலாம்."

"தொலைச்சிடாதீங்க தாத்தா. அம்மா திட்டுவாங்க."

அவர் சத்தமாகச் சிரித்தார். ஒரு முறுக்கை உடைத்துக் கடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நான் பதில்கூடத் தயார் செய்துவிட்டேன். "உப்பு கொஞ்சம் குறைவு" என்றார்.

திரும்பி வரும் ரயிலில் ஜெனி மடியில் தூங்கினாள். நான் இவருக்குப் போன் செய்தேன். "ஃபாதர்கிட்ட சரின்னு சொல்லிடலாங்க."

"நீதானே வேண்டவே வேண்டாம்னு நின்னே?"

"ஆமா. ஆனா நம்ம பங்குலயும் ஒரு மேசை போடச் சொல்லலாம். ஜெனி பேருக்கு எடுக்கிற அன்னிக்கு நானும் முறுக்கு சுட்டு வைப்பேன். அவதான் கொண்டுபோய் வைப்பா."

"உப்பு சரியாப் போடு" என்றார் இவர். ஸ்டெல்லா முந்திக்கொண்டாள் போலிருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நடக்கச் சிரமப்படும் பிள்ளை என்றால் படகில் ஏறுமுன் ஊழியரிடம் சொல்லிவிடுங்கள், அவர்களே தூக்கிவிடுவார்கள். தள்ளுவண்டி அந்தச் சந்துகளுக்கு ஆகாது. ஈரக்காற்றில் ஸ்பிளின்ட்டுக்குள் வியர்த்துப் புண்ணாகும், மாற்றுக் காலுறை மூன்று நான்காவது வையுங்கள். எந்த லேலத்துக்குப் போனாலும் கையில் ஏதாவது கொண்டுபோங்கள். உங்கள் பொருள் திரும்பி வந்தால் தயவுசெய்து தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

என் பயம் முழுக்கப் போய்விட்டதென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மகள் பெயரை வாசிக்கும்போது இனித் தலையைக் குனிய மாட்டேன். ஒரு பங்கே சேர்ந்து, இந்தப் பணம் இந்தக் காலுக்குத்தான், வேறு எதற்கும் இல்லை என்று வாக்குக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. அறிவிப்பை நானே எழுதிவிட்டேன்: "நம் பங்கைச் சேர்ந்த ஜெனியை நமக்கெல்லாம் தெரியும். அவள் காலுக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். இரண்டாவது தட்டு அதற்கு." அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அறிவிப்புப் பலகைக்கு அவள் போட்டோவும் எங்கள் பங்கில் கேட்டிருக்கிறார்கள். முகம் தெரிந்தால் நம்பிக்கை வரும் என்கிறார் இவர். எனக்கு மனசு வரவில்லை. உங்கள் பங்கில் யாருக்காவது இப்படி எடுத்திருந்தால், போட்டோ வைத்தீர்களா, இல்லையா, பிறகு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். புதன்கிழமை ஃபாதருக்குச் சொல்ல வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.