தரங்கம்பாடியில் ஒரு ஜோடி செருப்பு

ஒரு ஜோடி செருப்பைப் பார்த்துவிட்டு, என் தம்பி கடலில் விழுந்து செத்துப்போனான் என்று நம்பியவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம் முடிந்து நானும் அவனும் ஸ்ரீரங்கம் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் தரங்கம்பாடியில் இறங்கிக் கோட்டையைப் பார்க்கலாம் என்றது நான்தான். பஸ்ஸில் அவன் பேச்சை நிறுத்த வேறு வழி தெரியவில்லை. அப்பா விட்டுப்போன ஸ்ரீரங்கத்து வீட்டை விற்று, தன் பங்கில் திருச்சி கே.கே. நகரில் ஒரு மனை வாங்க வேண்டும் அவனுக்கு. நான் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பத்து வருஷமாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசியே தள்ளிப்போட்டு வந்தேன்.

டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. கீழே கைதிகளை அடைத்த அறையைக் காட்டி, "இந்தாடா உன் பங்கு. கடல் காத்து இலவசம்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "உனக்கு எல்லாமே விளையாட்டுதான், அண்ணா" என்று வெளியே போய்விட்டான்.

நான் மேலே ஏறிக் காற்று வாங்கி இறங்கி வந்தால், ஆளைக் காணோம். கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, அலை எட்டித் தொடும் இடத்தில் அவன் செருப்பு மட்டும் கிடந்தது.

என் தைரியத்தைப் பற்றி ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. அதை யாரும் பார்த்ததில்லை. வேட்டியோடு கடலுக்குள் ஓடினேன். "ரங்கநாதா, அவனைக் குடுத்துடு, நாளைக்கே கையெழுத்துப் போடறேன்" என்று அலறினேன். கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"தம்பி கடல்ல விழுந்துட்டான்!"

"நீங்க நிக்கிறது முழங்கால் தண்ணிங்க. அந்தச் செருப்புக்காரரு கோயிலுக்குள்ளதானே போனாரு?"

அவர் கை நீட்டிக் காட்டியது, கடல் பாதி தின்றுவிட்ட சிவன் கோயிலை.

"அது வேற யாரோங்க. நாங்க ஸ்ரீரங்கம். பெருமாளைத் தவிர வேற வாசல் மிதிக்க மாட்டோம்."

"அப்பச் சரி. கடல்லயே தேடுங்க" என்று அவர் வலைக்குத் திரும்பினார்.

தேடினேன். குனிந்து, தண்ணீரைக் கையால் துழாவித் தேடினேன்.

கால் மணி கழித்துத் தம்பி கோயிலிலிருந்து வந்தான். நெற்றியில் நாமம், அதன் மேலேயே விபூதி.

"என்னடா கோலம் இது?"

"பெருமாளைப் பத்து வருஷமா சேவிச்சுக் கேட்டுண்டிருக்கேன். உன் மனசு மாறலை. அதான் இவரையும் கேட்டுப் பார்த்தேன்."

'போடறேன்டா' என்ற ஒரு வார்த்தை போதும். ஆனால் அவன் உயிரோடு எதிரே நின்றான். உடனே அந்த வார்த்தைக்கு அவசரமில்லை என்று பட்டுவிட்டது.

"சிவன் என்ன சொன்னார்? சாட்சிக் கையெழுத்துப் போடறாராமா?" என்றேன்.

திருச்சி வரை அவன் கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தான். நான் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மாதம் அவன் கே.கே. நகரில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனான். அங்கேயே தன் பெண்ணின் கல்யாணத்தை நடத்தினான். எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை.